ரீயூனியன் தீவுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு இரண்டு முறை போய் வந்தேன். அதிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். பிரெஞ்சு ஊர்ப்பெயர்களைக் காதில் விழுந்தபடியே எழுதியிருக்கிறேன்.

முதலில், அந்தத் தீவு எங்கே இருக்கிறது?

மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கி.மீ. தொலைவில், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே. ஆட்சி பிரான்சுடையது, பாரிஸ் எப்படியோ அப்படியே இதுவும் பிரான்சின் ஒரு பகுதி, யூரோதான் நாணயம். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.

பரப்பு 2,512 சதுர கி.மீ. கன்னியாகுமரி மாவட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன இடத்துக்குள் இரண்டு எரிமலைகள். பித்தோன் தெ நேஜ் என்பது மூத்தது, அடங்கிப்போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே இதுதான் உயரம். இளையதான பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட ஐந்து மீட்டர் குறைவு, ஆனால் இது இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.

எரிமலைக்குப் பக்கத்தில் போக விடுவார்களா?

விடுவார்கள். உலகத்தில் அதிகமாகச் சீறும் எரிமலைகளில் ஒன்று என்றாலும், வாசல்வரை கார் போகிற எரிமலை இது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை 150 தடவைக்கு மேல் வெடித்திருக்கிறது. இங்கே ‘வெடிப்பு’ என்றால் பெரும்பாலும் நிலத்தில் ஒரு பிளவு விழுந்து பாறைக் குழம்பு (லாவா) வழிந்தோடுவதுதான். சாம்பலைப் பொழிந்து ஊரைப் புதைக்கிற வகை இல்லை. அதனால்தான் ஊர்க்காரர்கள் பயப்படுவதற்குப் பதில் டார்ச் லைட்டும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு பார்க்கக் கிளம்புகிறார்கள்.

போகிற வழி இப்படி. தீவின் நடுமேட்டில் பூர் முரா என்று ஓர் ஊர். எரிமலை அருங்காட்சியகமும் எரிமலைக் கண்காணிப்பு நிலையமும் அங்கேதான். அங்கிருந்து மலைப்பாதையில் ஏற ஏற, முதலில் பசு மேயும் புல்வெளி, அப்புறம் குட்டைப் புதர், அப்புறம் திடீரென்று ஒன்றுமே இல்லை. பிளேன் தே சாப்ள் என்கிற சமவெளி. பழுப்பும் கருப்புமாகக் கரித்தூள் கொட்டிப் பரப்பியது போல ஒரு மைதானம்; நடுவே ஒரு மண்பாதை, அதில் புழுதி கிளப்பிக்கொண்டு வாடகைக் கார்கள். முதல் தடவை வண்டியை நிறுத்தி இறங்கினேன். காற்றைத் தவிர வேறு சத்தமே இல்லை.

மண்பாதை முடிகிற இடம் பா தெ பெல்கோம்ப், 2,300 மீட்டர் உயரத்தில் ஒரு விளிம்பு. கீழே பெரிய கிண்ணம் போல ஒரு பள்ளம், அதன் நடுவில் எரிமலை. பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இங்கிருந்தே திரும்பலாம். நடப்பவர்கள் நூற்றுக்கணக்கான படிகளில் பள்ளத்துக்குள் இறங்கி, பாறைகளில் அடித்திருக்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். படி முடிந்ததும் ஃபோர்மிக்கா லேயோ என்ற செந்நிறக் குட்டிக் கூம்பு, 1753-இல் முளைத்தது. அதுவரை குழந்தைகளும் போகலாம். உச்சியில் இருக்கும் டோலோமியூ பெருவாய்வரை போய்த் திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். 2007 ஏப்ரலில் அந்த வாயின் தரை சுமார் 300 மீட்டர் உள்ளே விழுந்தது. விளிம்பில் நின்று பார்க்கும்போது அந்தக் கணக்கு அடிவயிற்றில் தெரியும்.

வெள்ளைப் புள்ளிகளை விட்டு விலகாதீர்கள். மூடுபனி வந்தால் ஐந்தடி தூரத்தில் இருப்பதே தெரியாது, பாறை எல்லாம் ஒரே நிறம்.

நான் போகும்போது லாவா ஓடுமா?

அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. சில ஆண்டுகளில் மூன்று நான்கு தடவை வெடிக்கும், சில ஆண்டுகள் ஒன்றுமே நடக்காது. நான் போன இரண்டு முறையும் மலை தூங்கிக்கொண்டிருந்தது. வெடிக்கப்போகிறது என்று கருவிகள் காட்டினாலே பள்ளத்துக்குள் போகும் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்போது விளிம்பிலிருந்தோ கீழே கடலோரச் சாலையிலிருந்தோ, இரவில், தூரத்திலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். பூட்டின கதவைத் தாண்டிக் குதிப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அபராதம் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

‘லாவா சாலை’ என்று சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

என்னைக் கேட்டால் இந்தத் தீவில் மலையே ஏறாமல் பார்க்கக்கூடிய ஆகச்சிறந்த இடம் அதுதான். தென்கிழக்கே சேன்த் ரோஸுக்கும் சேன் பிலிப்புக்கும் நடுவில் கடலோர நெடுஞ்சாலை எரிமலையின் மடி வழியாகப் போகிறது. மேலேயிருந்து குழம்பு ஓடிவந்து கடலில் விழும் பாதையைத்தான் சாலை குறுக்கே வெட்டுகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் ஆண்டு எழுதிய பலகை உண்டு. குழம்பு சாலையை மூடும். ஆறிய பிறகு அதன்மேலேயே மறுபடி சாலை போடுவார்கள்.

வண்டியை நிறுத்தி இரண்டு பலகைகளுக்கு நடுவில் கொஞ்சம் நடந்து பாருங்கள். பாறையின் வயது கண்ணுக்கே தெரியும். புதிய ஓட்டம் கன்னங்கரேல் என்று, வெயிலில் கண்ணாடி போல மினுங்கும். அடுத்ததில் சாம்பல் நிறப் பாசி. பாசி என்றால் வழுக்குகிற பச்சைப் பாசி இல்லை. பாறையில் முதலில் ஒட்டும் லைக்கன், பவழக்கொத்து மாதிரி நுணுக்கமாக, விரலால் தொட்டால் மொறமொறவென்று இருக்கும். இன்னும் பழையதில் அந்தப் பாசி உதிர்ந்த பிடி மண்ணில் பெரணி முளைத்திருக்கும். அதற்கும் பழையதில் மரம். 2007-இல் ஓடியது மிகவும் தடிமனான ஓட்டம். பல ஆண்டுகள் கழித்தும் மழை பெய்தால் அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அப்புறம் சேன்த் ரோஸ் பக்கத்துத் தேவாலயம். 1977-இல் குழம்பு எப்போதும் போகும் பாதையை விட்டு ஊருக்குள் இறங்கியது. வீடுகள் போயின, சாலை போனது. தேவாலயத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய்விட்டது. வாசல்வழியே கொஞ்சம் உள்ளே நுழைந்தது, அவ்வளவுதான். இப்போது அதன் பெயரே ‘லாவாக்களின் மாதா’. ஊர்க்காரர்களிடம் புவியியல் விளக்கமெல்லாம் பேசாதீர்கள், அவர்களுக்குக் காரணம் தெரியும்.

‘சிர்க்’ மூன்று இருக்கிறதாமே? ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?

மூத்த எரிமலை உள்வாங்கியும் மழை அரித்தும் உண்டான மூன்று பெரும் பள்ளங்களைத்தான் சிர்க் என்கிறார்கள். சுற்றிலும் ஆயிரம் மீட்டர் சுவர், உள்ளே ஊர்கள். இந்தச் சிகரங்களும் பள்ளங்களும் சேர்ந்து 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

சலாஸிதான் சுலபம். கிழக்கேயிருந்து நல்ல சாலை, வழியெல்லாம் அருவி, வேலியெல்லாம் சௌசௌ கொடி. முடிவில் எல் பூர் என்ற பழைய மரவீடுகள் நிறைந்த ஊர். அரை நாள் போதும்.

சிலாவோஸுக்கு நானூறு வளைவுகள் உள்ள சாலை. கொல்லிமலைக் கொண்டை ஊசிகளுக்கு அலட்டிக்கொள்ளாதவர்களும் இங்கே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். ஒரு வண்டி மட்டும் நுழையும் சுரங்க வழிகள் வேறு. எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுப்பது உங்கள் பாடு. ஆனால் போனால் ஓர் இரவாவது தங்குங்கள். வெந்நீர் ஊற்று, அங்கேயே விளையும் சின்னப் பருப்பு, காலை வெளிச்சத்தில் சுவர் முழுக்கப் பொன்னிறம். பித்தோன் தெ நேஜ் ஏறுகிறவர்களும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். முதல் நாள் மலைக்குடிலில் படுத்துவிட்டு, விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விளக்கோடு உச்சிக்குப் போய்ச் சூரியன் வருவதைப் பார்ப்பார்கள்.

மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். நூற்றுக்கணக்கானவர்கள் அப்படியேதான் வாழ்கிறார்கள். சிமென்ட் மூட்டையும் காஸ் சிலிண்டரும் வானத்திலிருந்து இறங்குகின்றன. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது. அப்படி ஓடிவந்த ஒரு தலைவனின் பெயர்தான் ஊருக்கும் நிலைத்திருக்கிறது. சலாஸி பக்கமிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் லா நுவெல் என்ற குடியிருப்பு: பள்ளிக்கூடம், தேவாலயம், கடை, தங்க அறை எல்லாம் உண்டு. படுக்கைக்கு முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது.

ஒன்றுதான் என்றால், நடக்கத் தெம்பிருப்பவர்களுக்கு மஃபாத், இல்லாதவர்களுக்கு சிலாவோஸ்.

எல்லாரும் விடியற்காலையில் கிளம்பு, கிளம்பு என்கிறார்களே, ஏன்?

கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையேறும். ஒன்பது பத்து மணிக்குள் மேலே மேகம் கட்டிவிடும். ரீயூனியனில் காலை ஆறு மணிக்கு ஒரு தீவு, பத்து மணிக்கு வேறு தீவு.

இதை நான் மாய்தோவில் படித்தேன். மஃபாத் பள்ளத்தை மேலேயிருந்து பார்க்கும் விளிம்பு அது, 2,200 மீட்டர். முதல் முறை போனபோது விடுதியில் நிதானமாகக் காபி, ரொட்டி எல்லாம் முடித்துக்கொண்டு பத்து மணிக்குப் போய் நின்றேன். கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு அடித்த மாதிரி. அரைமணி நேரம் அதையே பார்த்துவிட்டு இறங்கினேன். வழியில் ஜெரேனியம் இலையிலிருந்து வாசனைத் தைலம் இறக்கி விற்கும் ஒருவர் என் முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டார். ‘நாளைக்கு, ஆறு மணி’ என்று விரலைக் காட்டினார். மறுநாள் ஆறு மணிக்குப் போனேன். பள்ளத்தின் அடியில் ஒரு வீட்டுக் கூரை மின்னியது, எங்கோ சேவல் கூவியதுகூட மேலே கேட்டது.

வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மாய்தோ, பா தெ பெல்கோம்ப், சலாஸி, லாவா சாலை எல்லாமே காரில் போய் இறங்கிப் பார்க்கிறவைதான். ஒரே கவலை குளிர். கீழே வேர்க்கும், மேலே ஜூலை, ஆகஸ்டு விடியலில் உறைபனிகூட விழும். வெப்பமண்டலத் தீவுதானே என்று பருத்திப் புடவையோடு எரிமலைக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

கடற்கரை எப்படி? குளிக்கலாமா?

மேற்கே லெர்மிதாஜ், லா சாலின் பக்கம் பவழத்திட்டு காவல் இருக்கிறது. உள்ளே தண்ணீர் இடுப்பளவு, அமைதியாக இருக்கும். அங்கே குளிக்கலாம். மற்ற இடங்களில் பலகையைப் பார்க்காமல் இறங்கவே கூடாது. 2011-இலிருந்து சுறா தாக்கிப் பலர் இறந்தார்கள். 2013-இலிருந்து பவழத்திட்டுக்கு வெளியே, கண்காணிப்பு இல்லாத இடங்களில் குளிக்கத் தடை. நீலமாக, அழகாக, ஆள் இல்லாமல் ஒரு கடற்கரை தெரிந்தால், ஆள் இல்லாததற்கு அதுதான் காரணம்.

கருமணல் பார்க்க வேண்டுமானால் எத்தாங் சாலே. மதியத்தில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. ஜூன் முதல் அக்டோபர் வரை திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும். சில நாள் கரையிலிருந்தே தெரியும்.

கடற்கரைக்காகவே இவ்வளவு தூரம் வருவதாக இருந்தால் வேண்டாம், மொரீஷியஸுக்குப் போங்கள். இது உள்ளே போய்ப் பார்க்கிற தீவு.

எந்த மாதம் நல்லது?

மே முதல் நவம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் புயல் காலம். மழை என்றால் நாம் நினைக்கிற மழை இல்லை. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பக்கத்தில் மூன்றே நாளில் 3,929 மி.மீ. பெய்தது, அது உலக சாதனை. சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. என்பதை வைத்துப் பாருங்கள்.

கொசுவையும் மறக்க வேண்டாம். 2005-06-இல் தீவில் மூன்றில் ஒருவரைச் சிக்குன்குனியா படுக்க வைத்தது. 2025-இல் மறுபடி வந்தது. ஓடோமாஸ் பெட்டியில் இருக்கட்டும்.

அங்கே தமிழர்கள் இருக்கிறார்களாமே? தமிழில் பேசலாமா?

இருக்கிறார்கள், ஆனால் பேச முடியாது. 1848 டிசம்பர் 20-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். நடத்திய விதம் மோசமாக இருந்ததால் 1882-இல் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. போனவர்களின் வழிவந்தோரை ‘மல்பார்’ என்கிறார்கள். மலபாருக்கும் பெரும்பாலோருக்கும் சம்பந்தமில்லை, வைத்த பெயர் நின்றுவிட்டது.

முதல் பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் ராமசாமி, விராப்புள்ளே, சினிமாலே. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனால் கோயிலில் தேர் ஓடுகிறது, காவடி எடுக்கிறார்கள், பதினெட்டு நாள் விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். தீமிதி திரௌபதிக்கு, அங்கே அவள் பெயர் ‘பாந்தியாலே’. கிழக்கே சேந்த் ஆந்த்ரேயில் கடலோரமாக இருக்கும் கொலோஸ் கோயிலைப் பாருங்கள். நல்ல பெரிய கோபுரம், சுற்றிலும் கரும்பு, அந்தப்பக்கம் அலை. செருப்பு மட்டுமல்ல, தோல் பெல்ட்டையும் கழற்றிவிட்டுப் போவது மரியாதை. படமெடுக்கும் முன் கேளுங்கள்.

மொழி போன பிறகும் சமையலறையில் சொற்கள் தங்கிவிட்டன. காய்கறிச் சந்தையில் ஓர் அம்மா கூடையில் இருந்ததைக் காட்டி ‘கலுப்பிலே’ என்றார். கறிவேப்பிலை. அடுத்தது ‘கொத்தோமிலி’. பீர்க்கங்காய் ‘பிபாங்காய்’. முருங்கைக்கீரை ‘ப்ரேத் முருங்’. நான் ஒவ்வொன்றையும் நம் உச்சரிப்பில் திருப்பிச் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். தினச் சாப்பாடே சோறு, வேகவைத்த பயறு, கீரை, காரத் துவையல், அதன்மேல் ‘கரி’ என்கிற குழம்பு. அந்தக் குழம்பில்தான் கோழியோ மீனோ இருக்கும். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னால் போதும்: ‘சான் வியாந்த், சான் புவாசோன்’, கறியும் வேண்டாம் மீனும் வேண்டாம். சாலையோரத்தில் ‘போன்போன் பிமான்’ விற்பார்கள், நம் மசால்வடையின் பெரியப்பா பிள்ளை. சூடாகச் சாப்பிட்டால் ஊர் ஞாபகம் வரும்.

விசா, வண்டி, எத்தனை நாள்?

பிரான்ஸ் என்றாலும் ரீயூனியன் ஷெங்கன் வட்டத்துக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) இல்லை. பாரிஸுக்கு எடுத்த விசா இங்கே தானாகச் செல்லாது. விதிகள் மாறுகின்றன, டிக்கெட் போடும் முன் பிரெஞ்சுத் தூதரகத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

கார் எடுத்தால்தான் விடியற்காலையில் மலைக்குப் போக முடியும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வண்டி எடுக்கும்போது பழைய கீறல்களை எல்லாம் படமெடுத்து வையுங்கள். நான் எடுக்காததால், பம்பரில் ஏற்கெனவே இருந்த ஒரு கோட்டுக்கு என் பணம் போனது. காரில்லாமல் ‘கார் ஜோன்’ என்ற மஞ்சள் பேருந்திலும் கடலோர ஊர்களைச் சுற்றலாம். ஏழு நாள் குறைந்தபட்சம், மஃபாத்தில் நடக்க நினைத்தால் பத்து.

வழியெல்லாம் சிவப்பாகச் சின்னச் சின்னக் கோயில்கள் தெரிகின்றனவே?

அது செந்தெக்ஸ்பெதி, அதாவது எக்ஸ்பெதித் புனிதர். சீக்கிரம் காரியம் முடித்துத் தருபவர் என்று நம்பிக்கை. ரோமானியப் படைவீரன் வேடம், எல்லாம் சிவப்பு. கும்பிடுவது கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல. நம் ஊர் எல்லைச்சாமி மாதிரி வண்டியை நிறுத்திப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். சில இடங்களில் சிலைக்குத் தலை இருக்காது. கேட்டது கிடைக்காத யாரோ கோபத்தில் உடைத்தது.

என்ன வாங்கி வரலாம்?

வனிலா. விலை கேட்டால் கொஞ்சம் தலை சுற்றும், ஆனால் காரணம் தெரிந்தால் கொடுத்துவிடுவீர்கள். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த கொடி இங்கே பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்க அந்த ஊர்ப் பூச்சி இங்கே இல்லை. 1841-இல் சேன்த் சுஸானில் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் பூவின் உள்மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகத்தில் வனிலாத் தோட்டம் போட்டவர்கள் எல்லாம் அவன் வழியைத்தான் பிடித்தார்கள். விடுதலைக்குப் பிறகு அல்பியுஸ் என்று குடும்பப் பெயர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை, 1880-இல் ஏழையாகவே இறந்தார்.

கிழக்குப் பக்கம் பிரா பனோன், சேன்த் சுஸான் ஊர்களில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பூக்கும் காலம். அப்போது போனால் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டுக்கொண்டு போவதை நேரில் பார்க்கலாம். ஆனால் இங்கேயும் அதே கதைதான்: பூ ஒரு காலைப்பொழுதுதான் விரிந்திருக்கும். மதியச் சுற்றுக்குச் சீட்டு வாங்கினால் வாடிய பூவைத்தான் காட்டுவார்கள்.